மோடம் போட்டால் பூச்சி வருமா?

(பாலக்கோடு வட்டாரத் தக்காளி விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த வட்டாரத் தக்காளிக்காரர்களோடு எனக்கு முப்பது வருடப் பழக்கம். அந்த முப்பது வருடத்தில் என் காதில் அதிகமாக விழுந்த பேச்சு எது என்று கேட்டால் இதுதான்: “சார், மோடம் போட்டிருக்குங்க. பூச்சி வந்துரும். என்ன மருந்து அடிக்கலாம்?” இதைக் கேட்கிறவர் தோளில் அதற்குள் டேங்க் ஏறியிருக்கும். எந்தப் பூச்சி என்று நான் திருப்பிக் கேட்டால், “எல்லாப் பூச்சியுந்தாங்க” என்பார்.

மோடத்துக்கும், அதாவது மேகமூட்டத்துக்கும், பூச்சிக்கும் சம்பந்தம் இருப்பது உண்மை. அது உங்கள் அப்பாவும் தாத்தாவும் கண்ணால் பார்த்துச் சொன்ன விஷயம், நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் எந்த மோடம், எந்தப் பூச்சி என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கலவையை அடிப்பதில்தான் பணமும் போகிறது, பயிரும் போகிறது. ஒவ்வொரு பூச்சிக்கும் ஒரு பருவநிலை பிடிக்கும், ஒரு பருவநிலை ஆகாது. இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

முதலில் சூட்டைப் பற்றிப் பேசுவோம். நமக்கும் மாட்டுக்கும் உடம்புச் சூடு உள்ளேயிருந்து வருகிறது. மார்கழிப் பனியானாலும் சித்திரை வெயிலானாலும் நம் உடம்பு 37 டிகிரிதான். பூச்சிக்கு அந்த வசதி கிடையாது. வெளியே என்ன சூடோ அதுவே அதன் உடம்புச் சூடு. வெயில் ஏறினால் வேகமாகத் தின்னும், வேகமாக வளரும், சீக்கிரம் முட்டை வைக்கும். குளிர்ந்தால் எல்லாமே மந்தம். 1735ஆம் ஆண்டிலேயே பிரான்ஸ் நாட்டில் ரெயோமுர் என்கிற அறிஞர், ஒவ்வொரு நாளின் வெப்பத்தையும் கூட்டிக்கொண்டே போனால் பயிர் எப்போது முற்றும் என்று சொல்லிவிடலாம் என்று கண்டார். பூச்சிக்கும் அதே கணக்கு பொருந்துகிறது.

நமக்கு இப்போது பெரிய தலைவலியாக இருக்கும் ஊசிப்புழுவை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்த ஊர் தென் அமெரிக்கா. 2006இல் ஸ்பெயினுக்கு வந்தது. அங்கிருந்து மத்தியதரைக் கடல் நாடுகள் எல்லாம் பரவி, 2014இல் மகாராஷ்டிரத்தில் கண்ணில் பட்டது. ஒன்றிரண்டு வருடத்துக்குள் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கும் வந்துவிட்டது. இந்தப் பூச்சியின் கணக்கைப் பார்ப்போம். ஒரு நாளின் அதிகபட்ச வெப்பத்தையும் குறைந்தபட்ச வெப்பத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அன்றைய சராசரி. ஏறக்குறைய 8 டிகிரிக்குக் கீழே ஊசிப்புழு வளராது. அதனால் சராசரியில் 8ஐக் கழித்துவிடுங்கள். மீதி இருப்பது அதன் அன்றைய வரவு. அந்த வரவு சேர்ந்து சேர்ந்து 450ஐ ஒட்டி வரும்போது, முட்டையாக இருந்தது தாய்ப்பூச்சியாகப் பறக்கும். சராசரி 27 டிகிரி என்றால் ஒரு நாள் வரவு 19, ஆக 24 நாளில் ஒரு தலைமுறை முடிந்தது. சராசரி 20 என்றால் ஒரு நாள் வரவு 12 மட்டுமே, 38 நாள், 40 நாள் பிடிக்கும். 14 டிகிரியில் வைத்து வளர்த்துப் பார்த்தபோது 76 நாள் ஆகியிருக்கிறது.

இதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நம் தக்காளி நட்டதிலிருந்து தோட்டத்தில் நிற்பது ஏறக்குறைய 120 நாள். 40 நாள் கணக்கில் மூன்று தலைமுறை, 24 நாள் கணக்கில் ஐந்து தலைமுறை. ஒரு தாய்ப்பூச்சி இருநூறுக்கு மேலும் முட்டை வைக்கும். அவ்வளவும் பிழைக்காது. கணக்குக்காக ஒரு தாய்க்குப் பத்துப் பெண் பூச்சி மிஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். மூன்றாவது தலைமுறை முடியும்போது ஒன்று ஆயிரம் ஆகும். ஐந்தாவது முடியும்போது அதே ஒன்று ஒரு லட்சம். மார்கழியில் சராசரி 20, 21 என்று குளிர்ந்து கிடக்கும் தளி, ஓசூர்ப் பக்கத்துத் தோட்டமும், அதைவிட வெக்கை கூடிய கீழ்ப்பக்கத் தோட்டமும் ஒரே நாளில் நட்டிருந்தாலும் ஒரே மருந்து அட்டவணையில் ஓட முடியாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

இந்தக் கணக்கில் நாம் கவனிக்கத் தவறுவது ராத்திரியை. பகல் வெயிலைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ராத்திரி எவ்வளவு குளிர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை. பகலில் 34 டிகிரி, ராத்திரி 16 டிகிரி என்றால் சராசரி 25. அதே பகல் 34, ராத்திரி மோடம் போட்டு இறுக்கமாக இருந்து 22க்குக் கீழே இறங்கவில்லை என்றால் சராசரி 28. மூன்று டிகிரிதான் வித்தியாசம், ஆனால் ஊசிப்புழுவின் தலைமுறை நாலு நாள் முன்னதாக முடிந்துவிடும். மோடம் கம்பளி மாதிரி. தரையின் சூட்டை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. “மோடம் போட்டா பூச்சி” என்று பெரியவர்கள் சொன்னதில் ஒரு பங்கு இங்கே இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அதே சமயம் சூடு ஏற ஏற எல்லாப் பூச்சிக்கும் கொண்டாட்டம் என்றும் எண்ண வேண்டாம். 35 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் ஊசிப்புழு முட்டை வைப்பது வெகுவாகக் குறைந்துவிடும்.

அடுத்து, மோடத்துக்கு நேர் எதிரான பூச்சி. வெள்ளை ஈ. மாசி, பங்குனி, சித்திரையில், வானம் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும்போது, காற்று காய்ந்து கிடக்கும்போது, மழை வாசனையே இல்லாதபோது பெருகுவது இது. அந்த நாளில் யாரும் எனக்குப் போன் செய்து, “சார், வானம் தெளிஞ்சிருக்குங்க, பூச்சி வந்துரும்” என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நாள் அதுதான்.

நாளைக் காலையில் வெயில் ஏறுமுன் தோட்டத்துக்குள் போங்கள். செடியை உலுக்காதீர்கள், நிழல் மேலே விழாமல் நில்லுங்கள். நுனியிலிருந்து மூன்றாவது நான்காவது இலையை, காம்பைப் பிடித்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். மாவு தூவின மாதிரி, அரிசிக் குருணையைவிடச் சின்னதாக, சிறகைக் கூரை போல மடக்கி உட்கார்ந்திருக்கும். தொட்டால் பறந்து அடுத்த இலைக்குப் போகும். இப்போது கீழே இருக்கும் முதிர்ந்த இலையைத் திருப்புங்கள். அங்கே பறப்பது எதுவும் இருக்காது. வெளிர் மஞ்சளில், தட்டையாக, முட்டை வடிவத்தில், அசையாமல் ஒட்டிக்கிடப்பவை இதன் குஞ்சுகள். மேல் இலையை மட்டும் நனைத்துவிட்டு வருகிற ஸ்பிரேயரால் இவற்றை ஒன்றும் செய்ய முடியாது. கீழ் இலையில் கருத்துப்போன குஞ்சு ஏதாவது தெரிந்தால் சந்தோஷப்படுங்கள். அதற்குள் ஒரு சின்னக் குளவி முட்டை வைத்திருக்கிறது என்று அர்த்தம்.

வெள்ளை ஈ உறிஞ்சும் சாறு ஒரு பெரிய நஷ்டமில்லை. அது கொண்டுவரும் இலை முடக்கு வைரஸ்தான் குடியைக் கெடுப்பது. நோய்ச் செடியில் அரை மணி நேரம் சாறு குடித்தால் போதும், வைரஸ் அதன் உடம்புக்குள் போய்விடும். பிறகு அது போகும் செடிக்கெல்லாம் கொடுக்கும். நட்ட முதல் மாதத்துக்குள் முடக்கு விழுந்த செடி குட்டையாகி, இலை கிண்ணம் போல மேலே சுருண்டு, காய் பிடிக்காமல் நிற்கும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டித் தக்காளி விற்றதே, அந்தத் தட்டுப்பாட்டில் கோலார்ப் பக்கத்துத் தோட்டங்களில் பரவின முடக்குக்கும் பங்கு உண்டு. விலை ஏறினது எல்லோருக்கும் தெரியும். காய் இல்லாத தோட்டத்துக்காரருக்கு அந்த விலை எதற்கு?

நல்ல கோடை மழை ஒன்று, அரை மணி நேரம் சடசடவென்று அடித்துப் பெய்தால், வெள்ளை ஈயைப் பெருமளவு அடித்துக் கீழே தள்ளிவிடும். அசுவினிக்கும் அப்படித்தான். இலைப்பேனுக்கு இரண்டு அடி. இலையில் இருப்பது விழும், மண்ணுக்குள் கூட்டுப்புழுவாக இருப்பது ஈரத்தில் சாகும். இவ்வளவு வேலையை வானம் இலவசமாகச் செய்துவிட்டுப் போயிருக்கும்போது, மழை விட்ட மறுநாளே நாம் போய் மருந்து அடிக்கிறோம். இரண்டு நாள் பொறுத்து, இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்தால் என்ன? நிழல்வலைக் குடிலுக்குள் சாகுபடி செய்கிறவர்கள் இதை இன்னும் நன்றாகக் கவனிக்க வேண்டும். அங்கே இந்த மழை அடி கிடைக்காது. வெளியே மழை பெய்கிறதே என்று நம்பி இருந்தால் உள்ளே வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் பெருகிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடத்துக்கு முன், ஒரு பங்குனி மாதம். இராயக்கோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில் நாலு காய் துளைபட்டிருந்ததைப் பார்த்து, காய்ப்புழுவுக்கு ஒரு பைரித்ராய்டு மருந்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். புழு செத்தது. மூன்று வாரம் கழித்து அந்த அம்மா கூப்பிட்டார். “புழு இல்லீங்க சார், வந்து செடியைத் தட்டிப் பாருங்க” என்றார். தட்டினேன். வெள்ளை ஈ புகை மாதிரி எழுந்தது. காய்ந்த பருவத்தில் வெள்ளை ஈயைத் தின்னும் பொறிவண்டையும் குளவியையும் என் மருந்து கொன்றுவிட்டது. வெயிலும் வெள்ளை ஈக்குச் சாதகமாக இருந்தது. அந்தத் தோட்டத்தில் அந்தப் போகம் அதோடு முடிந்தது. பூச்சியைப் பார்த்தேன், பருவத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு வலிக்கிறது.

இப்போது மோடத்துக்கே வருவோம். மோடமும் தூறலும் காய்ப்புழுவுக்குப் பிடித்தது. அதன் தாய்ப்பூச்சி ராத்திரியில் வந்து, இளம் இலையிலும் பூவிலும் ஒவ்வொரு முட்டையாகத் தனித்தனியே வைத்துவிட்டுப் போகும். மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுப்புழு நூல் முனை அளவுதான். சுள்ளென்று வெயில் அடித்தால் முட்டையும் காயும், குஞ்சும் காயும். மூட்டமும் லேசான தூறலும் இருந்தால் அது பிழைத்துக்கொள்ளும். வளர்ந்த பிறகு காயைத் துளைத்துத் தலையை மட்டும் உள்ளே விட்டு, பாதி உடம்பு வெளியே தெரியத் தின்னும். ஒரு காயை முடிக்காமலே அடுத்த காய்க்குப் போகும். ஆக, தூறல் மோடம் என்றால் காய்ப்புழுவுக்கு எச்சரிக்கையாக இருப்பது நியாயம். பெரியவர்கள் சொன்னது சரி.

ஆனால் அதே மோடத்துக்கு இன்னொரு முகம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தோட்டத்துக்குப் போகும்போது, இலையின் மேல் ஒரு புழு விறைத்துப்போய், சுண்ணாம்பில் தோய்த்தது மாதிரி வெளுத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஓரிரு நாளில் அந்த வெள்ளை, வெளிர் பச்சையாக மாறும். அது பூச்சிக்கு வரும் பூஞ்சாண நோய். புரோடீனியா என்கிற இலை தின்னும் புழுவையும் காய்ப்புழுவையும் அது கொல்லும். பச்சையாகத் தெரிவது அதன் வித்து. காற்றில் பறந்து அடுத்த புழுவின் மேல் விழும். ஈரமில்லாமல் இந்த நோய் பரவாது. அதாவது காய்ப்புழுவுக்குப் பிழைப்புக் கொடுக்கும் அதே ஈரம், அதற்குச் சாவையும் கொண்டுவருகிறது. நாம் என்ன செய்கிறோம்? மோடம் போட்டவுடன் இலைக்கருகல் நோய்க்குப் பூஞ்சாணக் கொல்லி, புழுவுக்குப் பூச்சிக்கொல்லி, இரண்டையும் ஒரே டேங்கில் கலக்கி அடிக்கிறோம். மேன்கோசெப் என்கிற பூஞ்சாணக் கொல்லி கருகல் பூஞ்சாணத்தை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை, புழுவைக் கொல்லும் இந்தப் பூஞ்சாணத்தையும் அடக்கிவிடும். கருகல் வந்த தோட்டத்தில் அடிக்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அடித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் இலையில் கருகல் புள்ளி இருக்கிறதா, புழு உயிரோடு இருக்கிறதா, வெளுத்துக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு அடியுங்கள். வழக்கமாகிவிட்டதே என்று இரண்டையும் கலக்காதீர்கள்.

என்.பி.வி. என்கிற வைரஸ் மருந்துக்கும் வானம்தான் எஜமான். காய்ப்புழுவுக்கு மட்டும் நோய் தரும் அருமையான மருந்து அது. நோய் கண்ட புழு செடியின் உச்சிக்கு ஏறித் தலைகீழாகத் தொங்கிச் சாகும். ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் சூரிய ஒளியிலேயே அது வீணாகும். சாயங்காலம், வெயில் தாழ்ந்த பிறகு, வெல்லம் கரைத்துச் சேர்த்து அடிக்க வேண்டும். “அடிச்சேன் சார், கேக்கலைங்க” என்று சொன்ன பலரிடம் எத்தனை மணிக்கு அடித்தீர்கள் என்று கேட்டிருக்கிறேன். காலை பதினொன்று என்பார்கள். மருந்தின் மேல் பழி போடுவதில் நியாயமில்லை.

காற்றைப் பற்றிச் சுருக்கமாக. வெள்ளை ஈயும் இலைப்பேனும் தம் பலத்தில் வெகுதூரம் பறக்காது, காற்று தூக்கிக்கொண்டு போகும். ஆனி, ஆடியில் நமக்கு மேல்காற்று. பறிப்பு ஓய்ந்த பழைய தோட்டம் மேற்கே நிற்க, அதற்குக் கிழக்கே புதிதாக நடவு போட்டால், பழைய தோட்டத்துப் பூச்சி முழுவதையும் காற்றே கொண்டுவந்து நாற்றின் மேல் கொட்டும். நடவைப் பழைய தோட்டத்துக்கு மேற்கே போடுங்கள். முடியாவிட்டால் நடவுக்கு முன்பே பழைய செடியைப் பிடுங்கி அழித்துவிடுங்கள். காற்று வரும் பக்கமாக முன்கூட்டியே நாலு வரிசை மக்காச்சோளமோ சோளமோ விதைத்துவிட்டால் அது ஒரு தட்டி மாதிரி நிற்கும். இதற்கு மருந்துக் கடையில் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தோட்டத்தில் நிழலான இடத்தில் அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் காட்டும் ஒரு வெப்பமானி மாட்டுங்கள். பெரிய செலவில்லை. காய்ப்புழுவுக்கு ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். ஊசிப்புழுவுக்குப் பொறியில் வைக்கும் கவர்ச்சிப் பொருள், அதாவது லூர், வேறு, ஒன்றுக்கு வைத்தது மற்றதுக்கு ஆகாது. வெள்ளை ஈக்கு மஞ்சள் அட்டை. விளக்குப் பொறி வைப்பவர்கள் பௌர்ணமியை நினைவில் வையுங்கள். நிலா வெளிச்சத்தில் பொறிக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும், அதைப் பார்த்துத் தோட்டத்தில் பூச்சி குறைந்துவிட்டது என்று ஏமாறக் கூடாது. பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயர வளரும் செண்டுமல்லி நடச் சொல்கிறது நம் வேளாண்மைப் பல்கலைக்கழகம். 40 நாள் செண்டுமல்லி நாற்றும் 25 நாள் தக்காளி நாற்றும் ஒரே நாளில் நட வேண்டும், அப்போதுதான் தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்து, காய்ப்புழுவின் தாய்ப்பூச்சியைத் தன் பக்கம் இழுக்கும். வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் மாவட்டவாரியாக வருகிறது. அடுத்த ஐந்து நாளுக்கு மழை, வெப்பம், காற்று, மேகம் எல்லாம் அதில் இருக்கும். மேகதூத் செயலியில் தமிழிலேயே படிக்கலாம். வெள்ளிக்கிழமை அறிக்கையில் சனி, ஞாயிறு நல்ல மழை என்று போட்டிருந்தால் வெள்ளி சாயங்காலம் மருந்தடிப்பது பணத்தை வாய்க்காலில் விடுவது.

இன்னொன்று, தாய்மார்களுக்கு. தோட்டத்தில் அதிக நேரம் செடியின் மேல் கை வைப்பவர்கள் நீங்கள்தான். பறிக்கும்போது காம்படியில் ஊசி குத்தின மாதிரித் துளை தெரிந்தால் அது ஊசிப்புழு. இலையில் மெல்லிய பாம்புக் கோடு என்றால் அது இலை துளைப்பான். அகலமாக, காகிதம் மாதிரி வெளுத்து, உள்ளே கருப்பு எச்சம் தெரிந்தால் அதுவும் ஊசிப்புழு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் தோட்டத்துக்கு ஒருவர் இருந்தால் பாதி மருந்துச் செலவு மிச்சம் என்பது என் அனுபவம். தோட்டத்துக்காரர்களே, கூலிக்கு வருகிறவர்கள்தானே என்று நினைக்காமல் இவர்களிடம் தினமும் கேளுங்கள்.

வருகிற தை நடவுக்கு உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தினமும் காலையில் நாலு விஷயம் எழுதுங்கள்: நேற்றைய அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், மழை பெய்ததா, பொறியில் எத்தனை பூச்சி. மருந்து அடித்தால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். படிக்கிற பிள்ளைகள் எழுதித் தரட்டும். பறிப்பு முடிந்து நாம் அடுத்த முறை கூடும்போது அந்த நோட்டை மறக்காமல் கையில் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து பக்கம் பக்கமாகச் சேர்ந்து பார்ப்போம்.